வீட்டு முற்றமும் கொசுவும்

நமது மாவட்டம் இரண்டு பருவமழைகளையும் பெறும் பேறுடையது. இடவப்பாதியில் ஒன்றும் ஐப்பசி கார்த்திகையில் மற்றொன்றுமாக மழை வந்து சேர்கின்றது. அப்பேற்றினால் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளைகின்றது. அதே பேற்றினால் ஆண்டில் இரு முறை கொசுவும் அமோகமாக விளைகின்றது. நெல்லுக்கு உழவும் உரமும் வேண்டும். கொசுவுக்கு அவை வேண்டா. ஒரு சிரட்டைத் தண்ணீரும் ஒரு வாரப் பொழுதும் அதற்குப் போதும்.

மருந்து அடிக்காமல், இயற்கை முறையிலேயே முற்றத்திலிருந்து கொசுவை விலக்கி வைக்க எந்தச் செடியை நடலாம், எந்த இலையைப் புகைக்கலாம் என்பது நமது அங்கத்தினர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி. கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் கொசுவை விரட்டுவதைப் பற்றிக் கேட்கின்றோமேயன்றி, அது பிறவாமல் செய்வதைப் பற்றிக் கேட்பதில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இது நமக்கு ஏன் அற்பக் காரியமன்று என்பதைச் சொல்லிவிடுவோம். நெசவாளர் ஒருவர் கையால் மட்டும் நெய்வதில்லை, காலாலும் நெய்கின்றார். மிதியை மிதிக்கும் கால் வீங்கிவிட்டால் தறி நின்றுவிடும். யானைக்கால் நோயைக் கொண்டுவருவது கொசு. மூட்டுக்கு மூட்டு வலியெடுத்து, வாரக்கணக்கிலும் சிலருக்கு மாதக்கணக்கிலும் விரலை மடக்க விடாமல் செய்கின்ற சிக்குன்குனியாவைக் கொண்டுவருவதும் கொசுவே. இந்நோய் நெடுநாள் அடங்கியிருந்து, 2005, 2006-ஆம் ஆண்டுகளில் நாட்டில் மீண்டும் தலையெடுத்தது. 2006, 2007-இல் அண்டையிலுள்ள கேரளத்தை வாட்டியது. நெய்த முழத்துக்குக் கூலி பெறுகின்றவருக்கும், நாற்று நட ஆள் தேடி அலைகின்றவருக்கும் அந்த வாரங்கள் எத்தகையவை என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனிச் செடிகளைப் பற்றிப் பார்ப்போம். துளசி, நொச்சி, எலுமிச்சைப் புல் ஆகியவற்றின் இலைகளில் கொசுவுக்குப் பிடிக்காத எண்ணெய்கள் இருக்கின்றன என்பது மெய். ஆயினும் நட்டு நிற்கும் செடி தன் எண்ணெயை இலைக்குள்ளேயே அடைத்து வைத்திருக்கின்றது. கசக்கினாலோ, காய்ச்சி வடித்தாலோ அன்றி அது போதிய அளவில் வெளிவருவதில்லை. ஆகவே வாசலில் துளசி மாடம் இருப்பது அழகும் மங்கலமும் ஆகலாம். கொசுவுக்கு அது வேலியாகாது. துளசிமாடத்தின் அடித்தட்டில் தேங்கிய நீரில் கொசுப் புழு நெளிவதுகூட உண்டு.

புகையும் அவ்வாறே. வேப்பிலை, நொச்சியிலைப் புகை எழும்பி நிற்கும் நேரம் வரையில் கொசு ஒதுங்கி நிற்கும். புகை அடங்கியதும் திரும்பி வரும். மூடிய அறையில் நாள்தோறும் புகை போட்டால் கொசுவைக் காட்டிலும் குழந்தைகளின் மார்புக்கே கேடு மிகுதி. தறிக்கூடத்தில் புகை போடவே கூடாது. பாவில் கரியும் வாடையும் ஏறுவது ஒருபுறமிருக்க, ஒரு பொறி விழுந்தால் என்னாகும் என்பதை நூலோடு பழகியவர்க்குச் சொல்ல வேண்டுமா?

உடலில் பூசுவனவற்றில் ஒன்று குறிப்பிடத்தக்கது. நூற்றுக்கு 2 பங்கு வேப்பெண்ணெய் கலந்த தேங்காயெண்ணெயை தில்லியிலிருந்த மலேரியா ஆராய்ச்சி மையத்தார் 1990-களில் சோதித்து, மலேரியாக் கொசுவுக்கு எதிராக நல்ல பயன் கண்டனர். மற்றக் கொசுக்களிடம் அப்பயன் குறைந்தே காணப்பட்டது. தேங்காயெண்ணெய் நம் வீட்டுப் பொருளாகையால் வேண்டுவோர் கைகால்களில் பூசிப் பார்க்கலாம். ஆனால் வேப்பெண்ணெயைச் சிறு குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதனை அறவே விட்டுவிட வேண்டும். அதனால் குழந்தைகள் உயிருக்கே ஆபத்து நேர்ந்ததுண்டு.

மருந்து தெளிப்பதன் வரலாறும் இங்கே நினைவுகூரத்தக்கது. 1953-ஆம் ஆண்டில் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, வீட்டுச் சுவர்தோறும் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. ஆண்டுக்கு 7½ கோடிப் பேர் வரை மலேரியாவால் வருந்திய நாட்டில், 1965-ஆம் ஆண்டளவில் அத்தொகை ஏறத்தாழ ஒரு லட்சமாகக் குறைந்தது. வியக்கத்தக்க வெற்றியே. ஆயின் 1976-இல் அது மீண்டும் 64 லட்சத்தைத் தாண்டியது. கண்காணிப்பு தளர்ந்தமை ஒரு காரணம். மருந்தைத் தாங்கிக்கொள்ளக் கொசு பழகிவிட்டமை மற்றொரு காரணம். பிறந்து பறக்கும் கொசுவைத் துரத்திக்கொண்டேயிருப்பது ஓய்வில்லாத வேலை என்பதை இதனால் அறியலாம்.

ஆகையால் கொசு பறக்கத் தொடங்குவதற்கு முன்பே அதனைப் பிடிக்க வேண்டும். அதற்கு அதன் பிறப்பு வளர்ப்பை அறிதல் அவசியம். கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை முதிர்வதற்கு அதற்கு இரத்தம் தேவை. ஆண் கொசு பூந்தேனையும் இலைச்சாற்றையும் உண்டு வாழும் சாது. பெண் கொசு ஒரு தடவைக்கு நூறு முட்டை அளவில் நீரிலோ நீரோரத்திலோ இடுகின்றது. முட்டையிலிருந்து வெளிவரும் புழுவைத்தான் நாம் கூத்தாடி என்கின்றோம். தண்ணீரில் அது குதிக்கும் கூத்தைக் கண்டு பெரியோர் இட்ட பெயர் அது. கூத்தாடி கூட்டுப்புழுவாகிப் பின் கொசுவாகின்றது. நமது வெப்பத்தில் முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும். இந்த ஏழு நாள் கணக்கே நமது கையிலுள்ள கருவி. வாரம் ஒரு முறை தவறாமல் நீரைக் கொட்டிக் காயவிடும் வீட்டில் எந்தக் கூத்தாடியும் சிறகு முளைக்கும் வரை உயிரோடிருப்பதில்லை.

எல்லாக் கொசுவும் எல்லா நீரிலும் பிறப்பதில்லை என்பதையும் அறிய வேண்டும். ஒவ்வோர் இனமும் தனக்கென ஒரு நீரை வைத்துக்கொண்டிருக்கின்றது. வீட்டைச் சுற்றியுள்ள நீரை வகைவகையாகப் பிரித்துப் பார்த்தால் எந்த நோய் எந்த மூலையிலிருந்து வருகின்றது என்பது விளங்கிவிடும்.

முற்றத்தில் கிடக்கும் சிறு நீரில் பிறப்பது ஏடிஸ் என்னும் கொசு. கருத்த உடலில் வெள்ளைப் பட்டைகள் கொண்டது, பகலில் கடிப்பது, காலையில் கதிரவன் எழுந்த சில நாழிகையும் மாலையில் அடையுமுன் சில நாழிகையும் இதற்கு உகந்த வேளை. டெங்குவும் சிக்குன்குனியாவும் இதன் சுமை. டெங்கு நகரத்து நோய் என்றொரு எண்ணம் உண்டு. அது தவறு. நமது மாவட்டத்தின் ஊர்ப்புறங்களிலேயே டெங்கு பரவியதை மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தார் ஆராய்ந்து 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டிருக்கின்றனர்.

இக்கொசுவுக்கு நம் நாட்டு வளமே தொட்டிலாக அமைந்துவிட்டது. தேங்காய் வெட்டியபின் மல்லாந்து கிடக்கும் சிரட்டை, மழையை ஏந்தி நிற்கும் கதம்பைக் குவியல், கமுகிலிருந்து உதிர்ந்து படகுபோல் கிடக்கும் பாளை, பருவம் முடிந்து மூலையில் வைத்த அக்கானிக் கலயம், மாவரைக்கும் எந்திரம் வந்தபின் வெளியே தள்ளப்பட்ட ஆட்டுக்கல்லின் குழி, இவையெல்லாம் அதன் வீடுகள். இக்காலத்தில் வண்டிச் சக்கரத்தின் பழைய டயரும் பிளாஸ்டிக் குவளையும் சேர்ந்துகொண்டன. டயரைப் போல் நீரை ஒளித்து வைக்கும் பாத்திரம் வேறில்லை. கவிழ்த்தாலும் அதன் வயிற்றில் தண்ணீர் நிற்கும். நான்கு துளையிடுக, அல்லது கூரையின் கீழ் வைத்துவிடுக.

குலசேகரம், அருமனை, களியல் பகுதிகளில் ரப்பர் வைத்திருக்கும் அன்பர்கள் இதனை இன்னும் கூர்ந்து கவனித்தல் வேண்டும். பால்வெட்டு நடைபெறும் நாட்களில் மரத்துச் சிரட்டை நாள்தோறும் கைபடுகின்றது. மழையால் வெட்டு நிற்கும் வாரங்களிலோ, மரத்துக்கு ஒன்றாகச் சிரட்டைகள் மழைநீர் நிரம்பி அப்படியே தொங்குகின்றன. ஓர் ஏக்கரில் எத்தனை மரம் உண்டோ அத்தனை கொசுத் தொட்டில். ஏடிஸ் இனத்தின் தோட்டத்து வகைக்கு இதைவிட ஏற்ற இடமில்லை. வெட்டு நிறுத்துகின்ற கடைசி நாளில் ஒவ்வொரு சிரட்டையையும் எடுத்துக் கவிழ்த்து மாட்டிவிட்டு வருவதற்கு அரைநாள் கூலி செல்லும். அதனைச் செலவென்று எண்ணித் தள்ளிப்போடுவோர் பலர். வெட்டுத் தொழிலாளி காய்ச்சலில் படுத்தால், மழை விட்டபின் மரம் வெட்டாமல் கிடக்கும் நட்டத்தோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நீரைக் கொட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. ஏடிஸ் தன் முட்டையை நீரில் மிதக்க விடுவதில்லை. தொட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டி வைக்கின்றது. நீர் வற்றினாலும் அம்முட்டை பல மாதங்கள் சாகாமல் காத்திருந்து, மறுபடி நீர் ஏறியதும் பொரிந்துவிடும். ஆதலின் தொட்டியைக் காலி செய்து உடனே நிரப்புவது பாதி வேலை. கதம்பைத் தும்பை ஒரு பிடி எடுத்து உட்சுவரை அழுந்தத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிட்டுப் பின் நிரப்புவதே முழு வேலை. வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வழக்கமுள்ள இல்லங்களிலும், ஞாயிறு ஆராதனைக்கென்று சனிக்கிழமை துப்புரவு செய்யும் இல்லங்களிலும் தொட்டியையும் அன்றே தேய்த்துவிடலாம். புதிதாக ஒரு நாளை ஏற்படுத்திக்கொண்டால் மறந்துபோகும்.

காலி செய்ய இயலாத பெரிய தொட்டிக்கும் பீப்பாய்க்கும் துணி கட்டுவது நல்லது. நெருக்கமாக நெய்த பருத்தித் துணி கொசுவை உள்ளே விடாது. ஆனால் துணி தளர்ந்து நடுவில் பள்ளம் விழுந்தால், மழைநீர் அப்பள்ளத்திலேயே தேங்கும். துணியை முரசுத் தோல்போல் இழுத்துக் கட்ட வேண்டும். எத்தனை நெருக்கம் போதும் என்று நெசவாளர் கேட்பார்கள். கொசுவலைக்கு உலகெங்கும் கொள்ளப்படும் அளவு சதுர அங்குலத்துக்கு 156 கண்கள் என்பதாகும். கரூரில் கொசுவலை நெய்வது ஒரு பெரிய தொழிலாகவே வளர்ந்திருப்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள்.

இனித் தறிக்கூடம். வடசேரி, இரணியல் முதலிய இடங்களில் குழித்தறியில் உட்கார்ந்து பழகியவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். கடி பெரும்பாலும் கணுக்காலில்தான் விழுகின்றது. குழி இருட்டானது, குளிர்ந்தது, காற்றசையாதது. பகலில் ஒதுங்கியிருக்க இடம் தேடும் கொசுவுக்கு இம்மூன்றும் வேண்டும். இரவெல்லாம் கடித்த கொசு அங்கே தங்குகின்றது. பகலில் கடிக்கும் ஏடிஸும் அங்கேயே காத்திருக்கின்றது. படுக்கையில் வலை கட்டித் தூங்குகின்றவர், விடிந்ததும் காலைக் கொண்டுபோய் அதன் நடுவில் இறக்கிவிடுகின்றார்.

குழியைக் காயவைத்துவிடுங்கள் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் குழியின் ஈரப்பதம் இருந்தால்தான் பருத்திப் பாவு இழை அறாமல் ஓடும் என்பது நெசவறிந்தவர்க்குத் தெரியும். தொழிலைக் கெடுக்கும் யோசனை யோசனையாகாது. மண் ஈரமாக இருப்பதால் கொசு பிறப்பதில்லை. நீர் குளமாகத் தேங்கினால்தான் பிறக்கும். ஈரம் இருக்கட்டும், தேக்கம் வேண்டா. ஐப்பசி மழையில் குழிக்குள் ஊற்று எடுத்தால் அன்றன்றே இறைத்துவிட வேண்டும். காலையில் தறியில் அமருமுன் ஒரு பழந்துணியால் குழியின் நான்கு மூலைகளையும் வீசி, தங்கியிருப்பவற்றைக் கிளப்பிவிட வேண்டும். கதவும் சன்னலும் அப்போது திறந்திருக்க வேண்டும். கணுக்கால் வரை மூடும் துணியுறை ஒன்று அணிவது மிதிக்குத் தடையாகாது. கஞ்சி வைத்த தொட்டி, நூல் நனைக்கும் பானை, வேலை முடிந்த சாயத்தொட்டி ஆகியவற்றை மூடிவைப்பதும் கழுவிக் கவிழ்ப்பதும் இதில் அடங்கும்.

கஞ்சி கழுவிய நீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது. அது போய்ச் சேரும் ஓடைதான் கியூலெக்ஸ் என்னும் இராக் கொசுவின் பிறப்பிடம். மற்றவை தெளிந்த நீரைத் தேட, இது அழுகிய நீரைத் தேடுகின்றது. கஞ்சியும் கழுநீரும் அதற்கு விருந்து. இரவில் காதோரம் பாடும் கொசு இதுவே. யானைக்கால் நோயின் நுண்புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதைப் பாட்ரிக் மான்சன் என்னும் மருத்துவர் சீனாவின் அமாய் நகரில் 1877-ஆம் ஆண்டில் கண்டறிந்தார். ஒரு நோயைக் கொசுவோடு சேர்த்துக் கண்ட முதல் நிகழ்ச்சி அது. செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்ட 1897-ஆம் ஆண்டுக்கு இருபது ஆண்டுகள் முற்பட்டது.

கழிவுநீரைத் தெருவில் விடாமல் மண்ணுக்குள் விடுவதே இதற்கு வழி. செம்மண் விளைகளில் மூன்றடி நீள அகல ஆழத்தில் குழி தோண்டி, அடியில் பெரிய கல்லும் மேலே சிறு கல்லும் இட்டு, நீர் உள்ளே சென்று உறிஞ்சும்படி மூடிவிடலாம். மகாராட்டிரத்தின் நாந்தேட் மாவட்டத்தில் பல கிராமங்கள் வீட்டுக்கு வீடு இத்தகைய குழி அமைத்துத் திறந்த சாக்கடையே இல்லாமல் செய்து பேர்பெற்றன. ஆனால் வயலோர மனைகளில், களிமண்ணும் மேல்மட்டத்து ஊற்றும் உள்ள இடத்தில், உறிஞ்சுகுழி நிரம்பி வழியும். அங்கே நம் முன்னோர் செய்ததுபோல் வாழைக்கும் சேம்புக்கும் நீரைச் சரிவாக ஓடவிடுவதே தக்கது. மலக்குழியின் காற்றுக் குழாய் வாயில் ஒரு துண்டு வலைத்துணியைக் கட்டுவதற்கு ஐந்து நிமிடம் ஆகும். அக்குழாய் வழியே நாள்தோறும் வெளிவரும் கொசுவின் எண்ணிக்கையைக் கண்டால் யாரும் அதனைத் தள்ளிப்போட மாட்டார்கள். திருக்கோவிலூர் வட்டாரத்தில் நடந்த ஆய்வொன்றில் யானைக்கால் மருந்து கொடுத்ததோடு, கழிவுக் குழிகளின் நீர்ப்பரப்பைத் தெர்மோகோல் மணிகளால் மூடியும், பயன்படாத கிணறுகளில் மீன் விட்டும் பார்த்தனர். மருந்து மட்டும் கொடுத்த ஊர்களைவிட இவ்வூர்களில் பயன் நிலைத்து நின்றது. தெர்மோகோல் இயற்கைப் பொருளன்று. ஆயினும் மருந்தோடு கொசுவின் பிறப்பிடத்தையும் அடைக்க வேண்டும் என்பதற்கு அது நல்ல சான்று.

மீன் என்றதும் கம்பூசியாவின் பெயர் நினைவுக்கு வரும். கூத்தாடியைத் தின்னும் இந்த அயல்நாட்டு மீன் 1928-ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. மூடிய கிணற்றுக்கும் சிமெண்டுத் தொட்டிக்கும் அது பொருந்தும். குளத்திலும் வாய்க்காலிலும் விடுவதை நாம் ஆதரிக்கவில்லை. பிற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் அது விட்டுவைப்பதில்லை. நம் வாய்க்கால்களில், தலைமேல் வெள்ளிப் பொட்டு மின்ன, நீரின் மேல்மட்டத்திலேயே திரியும் சிறு மீன் ஒன்றைச் சிறுவர்கள் அறிவார்கள். கூத்தாடியை உண்பதில் அது எதற்கும் இளைத்ததன்று. தட்டானின் நீர்ப்புழுவும் அத்தகையதே. வயலில் பூச்சிமருந்து தெளிக்கும்போது முதலில் மடிவன இவைதாம். சில நாளில் கொசு திரும்பிவிடும், தட்டான் அத்தனை விரைவில் திரும்புவதில்லை.

வயல் என்றால் மூளைக்காய்ச்சல் கொசு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்னும் அந்நோய் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1955-ஆம் ஆண்டில், நமது தமிழ்நாட்டின் வேலூர்ப் பகுதியில்தான். நடவு முடிந்து நீர் கட்டிய வயலே இதனைப் பரப்பும் கொசுவின் பிறப்பிடம். வயலை வற்றவிட்டு வற்றவிட்டு நீர் பாய்ச்சும் முறையை நம் உழவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள். காய்ச்சலைத் தடுக்கக் காய்ச்சலே மருந்தாயிற்று என்று வேடிக்கையாகச் சொல்லலாம். மதுரையைச் சார்ந்த வயல்களில் செய்த சோதனைகளில் இம்முறை கூத்தாடிகளைப் பெரிதும் குறைத்தது. வேப்பம்புண்ணாக்குப் பூசிய யூரியாவோடு சேர்த்தபோது பயன் மேலும் கூடியது. திருந்திய நெல் சாகுபடி செய்வோர் இதனை ஏற்கெனவே கைக்கொண்டிருக்கின்றனர். வயல் மட்டமாக இருத்தல் வேண்டும். காலடிப் பள்ளத்தில் கையளவு நீர் நின்றாலும் கூத்தாடி அதில் பிழைத்துக்கொள்ளும். அண்டை வயல்காரரும் அதே வாரத்தில் வற்றவிட்டால்தான் பயன் உண்டு. கும்பப்பூவின் தொடக்க மழையில் வயலை வற்றவைப்பது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கன்னிப்பூவிலும் மழை ஓய்ந்த வாரங்களில்தான் இதற்கு வாய்ப்பு மிகுதி.

எஞ்சியிருப்பது குளம். இதில் நமது பழைய அண்டைப் பகுதி ஒன்றின் அனுபவம் மிகவும் பாடமானது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் நமது மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணையும் வரையில் நாமும் சேர்த்தலையும் முதலில் திருவிதாங்கூரின், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதிகளாகவே இருந்தோம். இப்போது கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்திலுள்ள அந்தச் சேர்த்தலையில் யானைக்கால் நோய் நெடுங்காலமாக மக்களை வாட்டி வந்தது. சாக்கடை மிகுந்த நகரமன்று அது. தென்னையும் குளமுமாக விளங்கும் நாட்டுப்புறம். பின் எங்கிருந்து வந்தது நோய்? திருவிதாங்கூர் அரசின் பூச்சியியல் வல்லுநராக இருந்த எம்.ஓ.டி. அய்யங்கார் 1930-களில் இதனை ஆராய்ந்தார். 1938-இல் அவருடைய ஆய்வு நூல் வெளிவந்தது. அங்கே நோயைப் பரப்பியது சாக்கடைக் கொசு அன்று. மான்சோனியா என்னும் வேறொரு கொசு.

இக்கொசுவின் புழு செய்யும் வேலை விந்தையானது. மற்றக் கூத்தாடிகள் மூச்சுவிட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். இதுவோ, மிதக்கும் செடியின் வேரைத் தன் மூச்சுக் குழலால் துளைத்து, வேருக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சிக்கொண்டு, கொசுவாகும் வரை அடியிலேயே தொங்கிக் கிடக்கின்றது. மேலே வாராததால் எண்ணெய் ஊற்றினாலும் அதற்குத் தீங்கில்லை. ஆனால் அதன் பலவீனமும் அதுவே: செடி இல்லையேல் அதற்கு வாழ்வில்லை. அச்செடி ஆகாயத்தாமரை. சேர்த்தலைக் குளங்களில் அது தானாக மட்டும் வளரவில்லை. தென்னைக்குத் தழையுரமாகும் என்று தோட்டக்காரர்கள் விரும்பியே வளரவிட்டிருந்தனர். மரத்துக்கு உரம் தேடியவர் தம் காலுக்கு நோயையும் சேர்த்தே வளர்த்தார் எனலாம். 1930-களிலேயே குளங்களிலிருந்து அச்செடியை வாரி எடுக்கும் பணி அங்கே மேற்கொள்ளப்பட்டது, கொசு குறைந்தது. பணி தளர்ந்த இடங்களில் செடி மீண்டும் மூடியது.

பாண்டிச்சேரியில் 1975-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கொசு முதலிய நோய் பரப்பிகளின் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தார் 1980-களில் இதே சேர்த்தலைக்குச் சென்றனர். செடியை வாருங்கள் என்று மறுபடி உபதேசம் செய்வதோடு அவர்கள் நிற்கவில்லை. செடி வாரிய குளத்தில் உண்ணும் மீனை வளர்க்கச் செய்தனர். குளத்துக்காரருக்கு மீனால் வருமானம் உண்டு என்றானபின், குளத்தைச் சுத்தமாக வைத்திருப்பது அவருடைய சொந்தக் காரியமாகிவிட்டது. நோய்க்கு அஞ்சிச் செய்த வேலை ஓராண்டில் சலித்துப்போகும். மீன் விலை போகும் வரையில் செய்யும் வேலை சலிப்பதில்லை. நமது சங்கங்கள் கூர்ந்து நோக்க வேண்டிய இடம் இதுவே என்பது நமது கருத்து.

நாஞ்சில் நாட்டில் பேச்சிப்பாறை நீரால் நிரம்பும் குளங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் ஆகாயத்தாமரையோடு, ஊதாப் பூப் பூக்கும் வெங்காயத்தாமரையும் படர்ந்து கிடப்பதை நாள்தோறும் காண்கின்றோம். இவற்றை ஒரு வீட்டார் தனித்து அகற்ற இயலாது. ஏடிஸ் பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து இருநூறு மீட்டருக்குள்ளேயே சுற்றுவதால் தம் தெருவைக் காத்தால் ஓரளவு தம்மைக் காத்துக்கொள்ளலாம். குளத்துக் கொசுவும் சாக்கடைக் கொசுவும் அதைவிடத் தொலைவு பறப்பவை. குளத்தை மீனுக்குக் குத்தகை எடுக்கும் சங்கம், ஒப்பந்தத்திலேயே செடி வாருதலையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்துக்கொண்டால், வாரும் கூலி மீன் கணக்கிலேயே அடங்கிவிடும்.

வாரிய செடியைக் கரையோரத்திலேயே குவித்து விட்டுச் செல்லும் வழக்கம் மட்டும் கூடாது. அடுத்த மழையில் நீர் ஏறியதும் அக்குவியலின் அடித்தண்டு உயிர்பெற்று மீண்டும் குளத்தில் இறங்கிவிடும். நீர் எட்டாத மேட்டுக்குக் கொண்டுபோய், நான்கைந்து நாள் வெயிலில் வேர் கருகும் வரை பரப்பிக் காயவிட்டு, அதன்பின் சாணத்தோடு அடுக்கடுக்காகக் குழியில் இட்டு மக்கவைத்தால் தென்னைக்கும் வாழைக்கும் நல்ல எருவாகும்.